‘விதவையாக்கும் கார்’ என்று பெயரெடுத்த கார்

1974-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் 911 டர்போ என்ற காரை அறிமுகப்படுத்தியது. தொழிற்சாலைக் கணக்கில் அதன் எண் 930. மூன்று லிட்டர் இன்ஜின், 260 குதிரைத்திறன், நான்கே நான்கு கியர், பின்புறம் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு இறக்கை. இன்றைய கணக்கில் 260 என்பது பெரிய எண்ணே அல்ல. குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவரும் கார்களிலேயே அந்த அளவு வந்துவிட்டது. ஆனால் அந்த 260 குதிரைகள் சம்பாதித்த கெட்ட பெயர் சாதாரணமானதல்ல. ‘விடோமேக்கர்’ என்று கூப்பிட்டார்கள். ஓட்டுகிறவனின் மனைவியை விதவையாக்கிவிடும் கார் என்று அர்த்தம்!

(இந்தப் பட்டப்பெயர் காருக்காகவே பிறந்ததும் அல்ல. அதற்கு முன்பே மேற்கு ஜெர்மனியின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்துக்கு இதே பெயர் இருந்தது. அந்த விமானத்தில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.)

இதே 1974-இல் இன்னொன்றும் நடந்தது. கார் கடைக்கு வருவதற்கு முன்பே, முதல் 911 டர்போ ஒருவருக்குப் பிறந்தநாள் பரிசாகப் போய்ச் சேர்ந்தது. பந்தய வீரருக்கல்ல. லூயிஸ் பியெச் என்ற பெண்மணிக்கு. நிறுவனர் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் மகள். அவருக்கு அப்போது வயது 70. அவருக்குக் கொடுத்த காரில் இருந்தது 2.7 லிட்டர், 240 குதிரைத்திறன் இன்ஜின். பேரன் பேத்தி எடுத்தவருக்குப் பரிசாகக் கொடுக்கக்கூடிய காரா அது, அல்லது இளைஞர்களைக் கொல்லும் காரா?

இரண்டும்தான். வித்தியாசம் காரில் இல்லை, ஓட்டுகிறவரின் வலது காலில் இருக்கிறது. அந்தக் கால் எதற்குப் பழக வேண்டும் என்பதில்தான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். ‘பவர் அதிகம், அதற்குப் பழக வேண்டும்’ என்று சொல்வார்கள். பவருக்கு மனிதன் ஒரே வாரத்தில் பழகிவிடுவான். பழகுவதற்குக் கஷ்டமானது தாமதம்.

டர்போ இல்லாத இன்ஜினில் கணக்கு நேரடியானது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சக்தி, அப்போதே. டர்போவில் அப்படி இல்லை. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகமானால் பெட்ரோலை அதிகமாக எரிக்கலாம், சக்தி அதிகமாகும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் ப்யூக்கி என்ற பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வீணாகப் போகும் புகையைப் பிடித்து வேலை வாங்குவது என்பது பிரமாதமான யோசனைதான். ஆனால் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். அதற்குப் புகை வேண்டும். புகை வர இன்ஜின் உழைக்க வேண்டும். இன்ஜின் உழைக்கக் காற்று வேண்டும். காற்றைத் தர வேண்டியதோ அதே சக்கரம்! இந்தச் சுற்று வேகம் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் ‘டர்போ லேக்’ என்று பெயர்.

930-இல் இது இரட்டிப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. டர்போ திணிக்கும் காற்றைத் தாங்குவதற்காக இன்ஜினின் அமுக்க விகிதத்தை 6.5-க்கு 1 என்று மிகவும் குறைத்து வைத்திருந்தார்கள். அதனால் டர்போ விழித்துக்கொள்ளும் வரை அது ஒரு மந்தமான இன்ஜின். விழித்த பிறகு வேறொரு இன்ஜின். ஒரே பானட்டுக்குள், இல்லை, இந்தக் காரில் பானட்டுக்குள் இன்ஜினே கிடையாது, பின்பக்கக் கதவுக்குள், இரண்டு இன்ஜின்கள் முறை மாற்றி வேலை செய்வது போல. நான்கே கியர் என்பதால் ஒவ்வொரு கியரும் நீளம். ஆகவே தவறான கியரில் இருந்தால் காத்திருப்பும் நீளம்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். ஒரு நொடித் தாமதம் என்றால், கால் கேட்ட இடம் ஒன்று, சக்தி வந்து சேரும் இடம் 28 மீட்டர் தள்ளி. நேர்ச் சாலையில் இது வேடிக்கை. வளைவில்?

வளைவில் நடப்பது இதுதான். புதிதாக ஓட்டுகிறவர் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. ‘போதவில்லை போலிருக்கிறது’ என்று இன்னும் கொஞ்சம் மிதிக்கிறார். அப்போதும் ஒன்றுமில்லை. முழுக்க மிதிக்கிறார். இந்த மூன்று மிதியும் சேர்ந்து, வட்டியோடு, ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. அப்போது ஸ்டியரிங் இன்னும் திரும்பியே இருக்கிறது. பின்சக்கரங்கள் பிடியை இழக்கத் தொடங்குகின்றன. பயந்துபோனவர் என்ன செய்வார்? யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்வார். காலை வெடுக்கென்று எடுத்துவிடுவார். அதுதான் இந்தக் காரில் செய்யவே கூடாத காரியம். காலை எடுத்தவுடன் காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. ஏற்கனவே தடுமாறிக்கொண்டிருந்த பின்டயர்களின் மேல் அழுத்தம் இன்னும் குறைகிறது. 911-இல் இன்ஜின் முழுவதும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. கயிற்றில் கட்டிய கல்லைப் போல அந்த எடை வெளிப்பக்கம் வீசுகிறது. பின்னால் வர வேண்டிய பின்பக்கம் முந்திக்கொண்டு போகிறது. பதறிய காரியம் சிதறும் என்பது மற்ற இடங்களில் பழமொழி. 930-இல் அது இயற்பியல்.

ஆக, இந்தக் கார் கொன்றது வேகத்தால் மட்டும் அல்ல. சக்தி வேண்டும்போது தராமல், வேண்டாதபோது தந்து, ஓட்டுநரின் இயல்பான அச்சத்தையே அவருக்கு எதிராகத் திருப்பியது. அவருடைய கால் இருபது வருடங்களாகச் சாதாரணக் கார்களில் கற்றுக்கொண்ட பாடம் அத்தனையும் இங்கே தலைகீழ்.

தாமதத்துக்கு மனிதன்தான் பழக வேண்டுமா, இயந்திரத்தைப் பழக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. இதற்கு 930-க்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. போர்ஷேயின் டர்போ அறிவு பந்தயத்திலிருந்து வந்தது. வட அமெரிக்காவின் ‘கேன்-ஆம்’ பந்தயங்களுக்காக 917 என்ற பந்தயக் காரில் டர்போ பொருத்தினார்கள். அதை உருவாக்கும் பணியில் உடனிருந்த ஓட்டுநர் மார்க் டானஹ்யூ. பொறியியல் படித்தவர். தொடக்கத்தில் அந்த இன்ஜின் விளக்கு ஸ்விட்ச் மாதிரி இருந்தது, ஒன்று அணைந்திருக்கும், இல்லையென்றால் முழுக்க எரியும். ‘நான் பெரிய ஓட்டுநர், இதையும் ஓட்டிக் காட்டுகிறேன்’ என்று அவர் மார்தட்டவில்லை. இது ஓட்டத் தகுதியில்லாதது என்று சொல்லி, பொறியாளர்களோடு உட்கார்ந்து எரிபொருள் செலுத்தும் முறையைச் சீர்செய்ய வைத்தார். காலின் அசைவுக்கு ஏற்றபடி சக்தி படிப்படியாக வரும் வரை விடவில்லை. அதன் பிறகு 1973-இல் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டிய 917/30 காரில் அவர்தான் சாம்பியன். ஆயிரம் குதிரைகளை ஒரு மனிதனால் ஆள முடிந்தது, அவை சொன்ன நேரத்துக்கு வந்ததால். 260 குதிரைகள் ஆளைக் கவிழ்த்தன, சொல்லாத நேரத்தில் வந்ததால்.

வீதிக்கு வந்த காருக்கு அவ்வளவு பொறுமை கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1978 மாடலில் இன்ஜின் 3.3 லிட்டர் ஆனது, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வந்தது, 917 பந்தயக் காரின் வழியில் வந்த பிரேக்குகள் வந்தன, சக்தி 300 ஆனது. ஐந்தாவது கியர் வந்ததோ 1989-இல். அந்த ஆண்டோடு 930 உற்பத்தியே முடிந்துவிட்டது. ‘ஓட்டத் தெரியாதவன் செத்தான்’ என்று பழியை முழுக்க ஓட்டுநர் மேல் போடுகிற ரசிகர்கள் இந்த 15 ஆண்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சரி, இப்படிப்பட்ட காருக்கு ஒருவர் பழகுவது எப்படி?

முதலில் சாலை. வளைவுக்குள் நுழையும் முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக் வேலையை முடித்துவிட வேண்டும். மெதுவாக நுழைந்து வேகமாக வெளியேறுவது என்பது ஓட்டுநர் பள்ளிகளின் பழைய பாடம்தான். டர்போ காரில் அதற்கு இன்னொரு அடுக்கு சேர்கிறது. சக்தி தேவைப்படும் இடத்தைப் பார்த்துவிட்டு அதற்கு ஒரு நொடி முன்னதாக, அளவாக, மிதிக்க வேண்டும். மிதித்த பிறகு காத்திருக்க வேண்டும். ‘வரவில்லையே’ என்று மறுபடி மிதிக்கக் கூடாது. கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல! டர்போ விழிக்கும் நேரத்தில் ஸ்டியரிங் ஏறக்குறைய நேராகியிருக்க வேண்டும். பந்தய வீரர்கள், குறிப்பாக ராலி ஓட்டுகிறவர்கள், இன்னொரு உபாயம் வைத்திருந்தார்கள். வலது காலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இடது காலால் பிரேக் பிடிப்பார்கள். வேகம் குறையும், ஆனால் புகை நிற்காது, டர்போ தூங்காது. கேட்க நன்றாக இருக்கும். கிளட்சை மிதித்தே பழகிய இடது காலால் பிரேக்கைத் தொட்டால் முதல் நாள் எல்லோருக்கும் நெற்றி கண்ணாடியில்தான்.

மழையில் இன்னும் எளிய வழி உண்டு. ஒரு கியர் மேலே வைத்து, டர்போ விழிக்காத அளவிலேயே ஓட்டிவிடுவது. தூங்குகிற நாயை எழுப்புவானேன்!

முந்திச் செல்வதுதான் சாலையில் உண்மையான சோதனை. ஜெர்மனி என்றாலே எல்லோருக்கும் வேகக் கட்டுப்பாடு இல்லாத ஆட்டோபான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊர்களுக்கு வெளியே உள்ள நாட்டுப்புறச் சாலைகளில்தான் இறக்கிறார்கள். இருபுறமும் மரம், எதிரே வண்டி, முன்னால் ஒரு லாரி. வேகக் கட்டுப்பாடு 100. பழைய டர்போ காரில் லாரியின் பின்னாலிருந்து வெளியே வந்து மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. எதிரே வரும் வண்டி நெருங்கிக்கொண்டிருக்கும். பிறகு எல்லாம் ஒன்றாக நடக்கும். ஆகவே லாரிக்குப் பின்னால் போதிய இடைவெளி விட்டு, கியரைக் குறைத்து, டர்போவை எழுப்பிக்கொண்டு, அதன் பிறகே வெளியே வர வேண்டும். இதைச் சொல்லித் தரும் ஓட்டுநர் பள்ளி எது? உரிமத் தேர்வு எது? ஒன்றும் இல்லை.

இன்னொரு சிறு விஷயம், பலருக்கும் செலவு வைத்தது. ஆட்டோபானில் மணிக்கணக்கில் விரட்டிவிட்டுப் பெட்ரோல் நிலையத்தில் நுழைந்தவுடன் சாவியைத் திருகி அணைத்துவிடக் கூடாது. சிவக்கச் சூடான டர்போவுக்கு எண்ணெய் ஓட்டம் நின்றுபோகும், தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். ஓரிரு நிமிடம் நிதானமாக ஓடவிட்டு அணைக்க வேண்டும். புதிய கார்களில் இன்ஜின் அணைந்த பிறகும் குளிர்விக்கும் மோட்டார் தானாக ஓடுகிறது. பழைய காரில் அந்த வேலை ஓட்டுநருடையது.

இவை எல்லாம் தெரிந்து, சில மாதம் ஓட்டிய பிறகு வருவதுதான் ஆபத்தான காலம். ‘கார் கைக்கு வந்துவிட்டது’ என்று தோன்றும். வரவில்லை. பொதுச் சாலையில், சட்டத்துக்கும் அறிவுக்கும் உட்பட்டு ஓட்டினால், இப்படிப்பட்ட காரின் எல்லையைத் தொடவே முடியாது. ஆயிரம் தடவை ஓட்டினாலும் தெரிவது அதன் நல்ல முகம் மட்டும். எல்லை எங்கே இருக்கிறது, நெருங்கும்போது கார் என்ன சொல்லி எச்சரிக்கிறது, தாண்டினால் எப்படித் திருப்பிப் போடுகிறது என்பதெல்லாம் சாலையில் தெரியவரும் நாள், பெரும்பாலும் கடைசி நாள். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். ஆழத்தை அளந்து பார்க்கச் சாலையில் கோல் கிடையாது.

அதற்குத்தான் பந்தயத் தடம். எதிரே வண்டி வராது, மரம் இல்லை, சுற்றிலும் சரளைக்கல் மெத்தை. அங்கே வளைவின் நடுவில் காலை எடுத்துப் பார்க்கலாம். கார் சுற்றும். சுற்றி நிற்கும். இதயம் தொண்டைக்கு வந்து திரும்பிப் போகும். ஆனால் அந்த ஒரு சுற்றல் நூறு அறிவுரைக்குச் சமம். தடத்தில்தான் தெரியும், முதல் சுற்றில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடி பாதிகூட இல்லை என்று. நான்கைந்து சுற்றுக்குப் பிறகு பிரேக் எண்ணெய் கொதித்துப்போய், மிதித்தால் பெடல் தரை வரை போகும் என்பதும் அங்கேதான் தெரியும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பழைய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். வாரம் ஒரு முறை வெயில் காணும் கார்களுக்கு இது பெரிய சத்துரு. டயரும் அப்படித்தான். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். 2013-இல் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் சிக்கிய போர்ஷே கரேரா ஜிடி (அது டர்போ கார் அல்ல) ஒன்பது வயதான டயர்களோடு ஓடிக்கொண்டிருந்தது. விசாரணையாளர்கள் முதல் காரணமாகச் சொன்னது வேகத்தை. கூடவே டயரின் வயதையும் சொன்னார்கள்.

தடம் என்றவுடன் எல்லோரும் நூர்பர்க்ரிங்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். 1927-இல் திறக்கப்பட்ட அதன் வடக்கு வளையம் 20.8 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் மட்டும் கிட்டத்தட்ட 300 மீட்டர். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் சுற்றலாம். ஆனால் பலருக்குத் தெரியாத உண்மை, அந்த நாட்களில் அது சட்டப்படி பந்தயத் தடமே அல்ல. ஒருவழிக் கட்டணச் சாலை. ஜெர்மனியின் சாலை விதிகள் பொருந்தும், இடப்பக்கமாக மட்டுமே முந்தலாம். பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் அங்கே செல்லுபடியாகாது. இரும்புத் தடுப்பு புல்லுக்கு அடுத்த அடியிலேயே நிற்கிறது. இடித்தால் தடுப்புக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். முன்னால் ஒரு மெதுவான வண்டி போகலாம், பின்னால் உள்ளூர்க்காரர் ஒருவர் பறந்து வரலாம். புதிய டர்போ காருக்குப் பழக உலகத்திலேயே மோசமான இடம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லலாம். ஒரு காலி மைதானத்தில் தண்ணீர் தெளித்து 40 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிப் பார்ப்பது, வடக்கு வளையத்தில் பத்துச் சுற்றைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும். ஆனால் அதைப் படம் பிடித்து நண்பர்களிடம் காட்ட முடியாது, அதுதான் பிரச்சினை.

தடத்திலிருந்து வெளியே வரும்போது இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. இருநூறில் போய்ப் பழகிய கண்ணுக்கு நூறு என்பது நிற்பது போலத் தெரியும். ஆனால் நல்ல காய்ந்த சாலையில் 100-லிருந்து நிறுத்தச் சுமார் 40 மீட்டர் என்றால், 200-லிருந்து நிறுத்தச் சுமார் 160 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. பிரேக்கைத் தொடுவதற்கு முன் யோசிக்கிற நேரம் தனிக் கணக்கு. எவ்வளவு பழகினாலும் இந்தக் கணக்கில் தள்ளுபடி கிடையாது.

இப்போது இதெல்லாம் பழங்கதைதானே, இன்றைய டர்போ காரில் தாமதமே இல்லையே என்று கேட்கலாம். பெருமளவு உண்மைதான். 1995-இல் வந்த 911 டர்போவில் ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சிறியவை, நான்கு சக்கரத்துக்கும் சக்தி, 408 குதிரைத்திறன். 2006-இல் புகையின் பாதையைத் தானே மாற்றிக்கொள்ளும் தகடுகள் டர்போவுக்குள் வந்தன. 2025-இல் அறிமுகமான 911 டர்போ எஸ் காரில் டர்போவையே மின்மோட்டார் சுழற்றிவிடுகிறது, புகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 711 குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 2.5 நொடி. சறுக்கினால் கணினி பிரேக்கைப் பிடித்து நேராக்குகிறது. பொறியியலின் பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

ஆனால் 930 ஒரு விதத்தில் நேர்மையான கார். முதல் நாளே ஓட்டுநரை மிரட்டிவிடும். ‘உனக்கு என்னைப் பற்றித் தெரியாது’ என்று சொல்லிவிடும். பயந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள், அல்லது விற்றுவிட்டார்கள். இன்றைய கார் புகழ்ந்து பேசுகிறது. ‘நீ பிரமாதமாக ஓட்டுகிறாய்’ என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்கிறது. உண்மையில் ஓட்டுவது கணினி. அதன் எல்லை 930-இன் எல்லையைவிட வெகுதூரம் தள்ளி இருக்கிறது. ஆகவே அங்கே போய் இடிப்பவர் இன்னும் அதிக வேகத்தில் இடிக்கிறார். பழக வேண்டிய தேவை மறையவில்லை, அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அரசுகள் இதை எப்படிப் பார்க்கின்றன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் மோட்டார் சைக்கிளுக்குப் படிப்படியான உரிமம். 18 வயதில் 35 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 48 குதிரைத்திறன் வரைதான். இரண்டு ஆண்டு ஓட்டிப் பழகிய பிறகே பெரிய பைக். நேரடியாகப் பெரிய பைக் வேண்டுமென்றால் 24 வயது ஆக வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் காருக்கு? ஜெர்மனியில் 18 வயதில் உரிமம் வாங்கிய அன்றே 711 குதிரைத்திறன் காரை எடுத்துக்கொண்டு ஆட்டோபானில் ஏறலாம். பைக்கில் பெரும்பாலும் ஓட்டுகிறவர்தான் சாவார், காரில் எதிரே வருகிறவரும் சேர்ந்து சாவார். அப்படியிருக்க கட்டுப்பாடு தலைகீழாக அல்லவா இருக்கிறது! 2017-இல் ஜெர்மனி சாலைப் பந்தயத்தைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் அது நடந்த பிறகு தண்டிக்கும் சட்டம். இத்தாலி புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்குச் சக்தி வரம்பு வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் கற்றுக்குட்டி ஓட்டுநர்களுக்கு ஒரு டன்னுக்கு இத்தனை கிலோவாட் என்ற வரம்பு இருக்கிறது.

இதற்கு எதிரான வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ‘பயிற்சி கொடுத்தால் துணிச்சல்தான் கூடும்’ என்பது அது. நார்வேயில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தடப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1980-களின் கடைசியில் ஆராய்ந்து பார்த்தபோது, இளம் ஆண்களிடம் விபத்து குறையாமல் கூடியிருந்தது! சறுக்கலைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டோம் என்ற தைரியத்தில் இன்னும் வேகமாகப் போயிருக்கிறார்கள். ஆகவே வெறுமனே ‘பயிற்சி’ என்று சொன்னால் போதாது. காரை வெல்லக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி கெடுதல். கார் ஓட்டுநரை வெல்வதைக் காட்டும் பயிற்சி வேண்டும். ஒரு நாள், நனைந்த தடம், எலக்ட்ரானிக்ஸை அணைத்துவிட்டு, தோற்கும் வரை ஓட்டச் சொல்ல வேண்டும். எல்லோரும் தோற்பார்கள். தோற்ற வேகம் எவ்வளவு என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

தென் ஆஸ்திரேலியா இதற்கு ஓரளவு பக்கத்தில் வந்திருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் அங்கே ஒரு டன்னுக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் சக்தியுள்ள கார்களை ஓட்டத் தனி உரிமம் வாங்க வேண்டும். சறுக்கலைத் தடுக்கும் கருவியை அணைத்துவிட்டுச் சாலையில் ஓட்டுவதும் குற்றம். உலகத்தின் பெரிய கார் நாடுகள் செய்யாததை ஒரு சிறிய மாநிலம் செய்திருக்கிறது. ஆனால் அந்த உரிமத்துக்கான பாடம் இணையத்தில் நடக்கிறது. திரைக்கு முன் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். காலுக்குத் தெரிய வேண்டியதைக் கண்ணுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

ஜெர்மனியில் அந்த அளவுக்குக்கூட இல்லை. பள்ளி முடித்த இரண்டு நண்பர்கள் ஒரே நாளில் 18 வயதை எட்டினால், 48 குதிரைத்திறன் பைக் வைத்திருப்பவன் பெரிய பைக்குக்கு இன்னும் இரண்டு ஆண்டு காத்திருந்து, மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். அப்பாவின் 911 டர்போ எஸ் சாவியைக் கையில் வைத்திருப்பவன் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டால் போதும்.